கோயில் சுவரில் ஏறிய வசவு

படித்த எதையும் அன்றைக்கே நாலு பேரிடம் சொல்லாவிட்டால் சோறு இறங்காத மனிதர்கள் எல்லா ஊரிலும் உண்டு. அவர்களால் பெரிய ஆபத்து ஒன்றும் கிடையாது. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்குக் கொஞ்சம் காது வலிக்கும், அவ்வளவுதான். ஆனால் அப்படிப்பட்டவர்கள் கையில் ஒரு சுவரை மட்டும் கொடுத்துவிடக் கூடாது. எனக்குக் கொடுத்தார்கள். அதுவும் கோயில் சுவர்.

அப்போது நான் கல்லூரியைப் பாதியில் விட்டுவிட்டு (யாங்கூனில் என் வயதுக்காரர்கள் பலரும் அப்படித்தான், ஏன் என்று இங்கே யாரும் யாரையும் கேட்பதில்லை) வீட்டில் ஃபோனும் கையுமாக இருந்தேன். எங்கோ இருக்கிற பேராசிரியர்கள் இலவசமாக ஏற்றி வைத்திருக்கும் பாடங்களைக் கேட்பதுதான் வேலை. எங்கள் ஊரில் மின்சாரம் முறை வைத்து வரும். வந்தால் முதலில் தண்ணீர் மோட்டார், அடுத்து அம்மாவின் சோற்றுக் குக்கர், அதற்கடுத்து புவனா அக்காவின் இஸ்திரிப் பெட்டி. எல்லாம் முடிந்து மிச்சம் இருந்தால்தான் மத்தியகால இத்தாலி.

அந்த மிச்சக் கரண்டில்தான் ரோம் நகரத்துச் சுவர் ஒன்றைப் பார்த்தேன்.

அங்கே ஒரு தேவாலயத்துக்கு அடியில் அதைவிடப் பழைய தேவாலயம் ஒன்று புதைந்து கிடக்கிறது. அதன் சுவரில் ஒரு படம். தொள்ளாயிரம் வருஷத்துக்கு மேல் ஆகிறதாம். கதை இதுதான்: ஒரு பணக்காரருக்கு, மனைவி எப்போது பார்த்தாலும் ஒரு சாதுவின் பூசைக்கே போகிறாளே என்று கோபம். ஆட்களைக் கூப்பிட்டு அந்தச் சாதுவைக் கட்டி இழுத்து வரச் சொல்கிறார். சாதுவின் மகிமையில் எல்லோருக்கும் கண் கட்டிவிடுகிறது. ஆட்கள் ஒரு கல்தூணைப் பிடித்து, இதுதான் சாது என்று கயிறு போட்டு இழுக்கிறார்கள். தூண் நகருமா? பணக்காரர் நின்று கத்துகிறார். அவர் கத்தியதை அப்படியே அந்தப் படத்துக்குள்ளேயே எழுத்தாகத் தீட்டி வைத்துவிட்டான் ஓவியன். ஆட்களைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறார். ஒருவனைக் கம்போடு பின்னால் போய் நெம்பச் சொல்கிறார். எல்லோரையும் சேர்த்து, அவர்களைப் பெற்றவர்களை நடுவில் இழுத்து ஒரு வசவும் வைகிறார்.

என்னைக் கிறுக்காக்கியது வசவு அல்ல. அதே சுவரில் சாதுவின் வாக்கும் இருக்கிறது. அது லத்தீன். உயர்ந்த பேச்சு உயர்ந்த பாஷையில், கயிற்றுக்காரர்களிடம் பேசும் பேச்சு தெருப் பாஷையில். எழுதுவதென்றால் லத்தீன்தான் என்றிருந்த காலத்தில், வாயில் வந்தது எப்படியோ சுவரில் ஏறிவிட்டது. பிற்பாடு இத்தாலிய மொழி என்று பேர் வாங்கப்போகிற ஒன்று எழுத்தில் தலைகாட்டிய ஆரம்ப இடங்களில் இதுவும் ஒன்று என்கிறார்கள். ஒரு மொழி முதன்முதலில் எழுதப்படும்போது பிரார்த்தனையாக இருக்கும், அரசனின் ஆணையாக இருக்கும் என்று நான் நினைத்திருந்தேன். பாரம் இழுக்கிறவனை வைவதாகக் கூட இருக்கலாம் என்பது எனக்குப் பெரிய விடுதலையாக இருந்தது. (எங்கள் பகான் நகரத்துப் பழங்கோயில்களிலும் ஏறக்குறைய அந்தக் காலத்தை ஒட்டித்தான் படங்களுக்குக் கீழே மக்கள் பேசிய பாஷைகளில் எழுதி வைத்தார்கள். அங்கே வசவு எதுவும் இருப்பதாக நான் கேள்விப்படவில்லை. நம் ஆட்கள் அப்போதே அடக்கமானவர்கள்.)

அன்றே வீட்டில் சொன்னேன்.

"சாமி இருக்கிற இடத்துல போயா அசிங்கமா எழுதுவாங்க?" என்றாள் அம்மா. "படிச்சவங்களுக்குத்தான் புத்தி இருக்கிறதில்ல."

"வள்ளி, சோறு ஆறுது" என்றாள் அக்கா. எங்கள் வீட்டில் வாதங்கள் இப்படித்தான் முடியும்.

இந்த நேரத்தில் எங்கள் பேட்டைக் கோயிலில் திருப்பணி நடந்துகொண்டிருந்தது. திருப்பணிக் குழுவுக்குத் தலைவர், பருப்பு மண்டி வைத்திருக்கும் ஒருவர். ஊரே அவரைத் தலைவர் மாமா என்றுதான் கூப்பிடும். எங்கள் வீட்டில் அந்தப் பேரைச் சொல்லும்போது மட்டும் குரலைத் தாழ்த்திக்கொள்வோம். அவர் மகன் குமரனும் என் அக்காவும் பல வருஷப் பழக்கம். குமரன் வீட்டில் பேசியும் ஆயிற்று. தலைவர் மாமா ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. "குடமுழுக்கு முடியட்டும், பேசுவோம்" என்று மட்டும் சொல்லியிருந்தார். அந்தக் குடமுழுக்கை எங்கள் கோயிலின் சாமிகூட அவ்வளவு ஆவலாக எதிர்பார்த்திருக்காது. அக்கா தினமும் காலண்டரைப் பார்ப்பாள்.

தலைவர் மாமாவிடம் இரண்டு தமிழ் இருந்தது. மேடை ஏறினால் "பெருமதிப்பிற்குரிய மெய்யன்பர்களே" என்று ஆரம்பித்து, மூச்சு விடாமல் பேசுவார். தமிழ்நாட்டில் கூட இப்போது யாரும் அப்படிப் பேசுகிறார்களா என்பது சந்தேகம். மண்டியில் மூட்டை இறக்கும்போது பேசுவது இன்னொன்று. அதில் தமிழ் பாதி, பர்மியம் பாதி, மிச்சம் நெருப்பு.

புதுக் கொடிமரத்துக்கு வட பர்மாவிலிருந்து ஒரு தேக்கு மரம் வந்த அன்று அந்த இரண்டாவது தமிழை முழுசாகக் கேட்டேன். லாரி எங்கள் சந்துக்குள் நுழையாது. பெரிய தெருவில் இறக்கி, உருளைக் கட்டைகள் போட்டு, கோயில் வாசல் வரை கயிறு கட்டி இழுக்க வேண்டியிருந்தது. தாகேதா பேட்டையிலிருந்து வந்து மண்டியில் மூட்டை தூக்கும் முத்து அண்ணன், அவர் கூட்டாளி மாரி, பேட்டை ஆட்கள், பக்கத்துக் கட்டடத்து பர்மியப் பிள்ளைகள் என்று எல்லோரும் கை கொடுத்தார்கள். அக்காகூட ஆபீஸ் புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு கயிற்றின் கடைசி நுனியைப் பிடித்தாள். மரம் சந்து முனையில் மாட்டிக்கொண்டு அசைய மறுத்தது. தலைவர் மாமா லொன்ஜியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒரு மர ஸ்டூல் மேல் ஏறி நின்று கத்தினார்:

"முத்து, பின்னால போயி கட்டையைக் குடுத்து நெம்புடா! மாரி, கயித்த விடாத! இழுங்கடா, க்வேமதாங்களா!"

(கடைசிச் சொல் பர்மிய வசவு. அதில் ஒரு பெண் நாய் வரும், அதன் மகனும் வருவான். வாங்கிக் கட்டிக்கொள்பவர்தான் அந்த மகன். இதற்கு மேல் விளக்கம் கேட்காதீர்கள்.)

எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. தூண் மாதிரி ஒரு மரம், கயிறு, பேர் சொல்லிக் கூப்பிடும் முதலாளி, பின்னாலிருந்து நெம்பும் ஒருவன், கடைசியில் எல்லோருக்கும் பொதுவாக ஒரு வசவு! ரோமாபுரிச் சுவர் எங்கள் சந்தில் உயிரோடு நடந்துகொண்டிருந்தது. அதுவும் பர்மிய வசவுக்குப் பின்னால் அழகாக ஒரு தமிழ் 'ங்களா'. வைகிறவருக்கே தெரியாமல் அங்கே ஒரு மொழி பிறந்துகொண்டிருந்தது. நான் ஃபோனை உயர்த்திப் பிடித்துக்கொண்டு ஓரமாக நின்று எல்லாவற்றையும் பதிவு செய்தேன். மரம் நகர்ந்தபோது என்னைத் தவிர எல்லோரும் மூச்சு வாங்கினார்கள்.

வெளிச்சுவரில் படம் எழுத ஏற்பாடாகியிருந்தது. எழுதுபவர் பேர் கோ தான் லுவின். புத்தர் கோயில்களிலும் திருவிழாப் பந்தல்களிலும் படம் எழுதிக் கைதேர்ந்த பர்மியர். சாமி படங்களோடு, கொடிமரம் வந்த காட்சியும் ஒரு படமாக வேண்டும் என்று குழு விரும்பியது. படங்களுக்குத் தமிழில் வாசகம் எழுதித் தர ஆள் தேவைப்பட்டது. எங்கள் பேட்டையில் தமிழ் பேசுகிற இளசுகளை எண்ணலாம், எழுதுகிறவர்களைத் தேட வேண்டும். "எந்தங்கச்சி நல்லா எழுதுவா" என்று அக்கா குமரன் மூலமாகச் சிபாரிசு செய்தாள். தங்கையை முன்னால் நிறுத்தினால் தலைவர் மாமா மனசில் நம் வீட்டுக்கு ஒரு இடம் கிடைக்கும் என்று அவளுக்கு நம்பிக்கை. பாவம்.

சாமி படங்களுக்கெல்லாம் ஒழுங்காக, செந்தமிழில் எழுதினேன். கொடிமரப் படத்துக்கு வந்ததும் கை தானாக ரோமுக்குப் போய்விட்டது. மேலே, சாதுவின் லத்தீன் மாதிரி, 'அடியார் திருக்கூட்டம் ஒருமனதாய்க் கொடிமரம் கொணர்ந்த திருக்காட்சி'. கீழே, ஸ்டூலில் நிற்பவர் வாய்க்குப் பக்கத்தில், அவர் பேசியது பேசியபடி. க்வேமதாங்களா உட்பட.

யாருக்கும் தெரியாமல் செய்துவிடவில்லை. குழுக் கூட்டத்தில் தாளை வைத்து ஒரு சொற்பொழிவே ஆற்றினேன். ரோம், தேவாலயம், தூண், வசவு, ஒரு மொழியின் பிறப்பு என்று எல்லாவற்றையும் சொன்னேன். (வசவு என்ற இடத்தில் மட்டும் 'உணர்ச்சிமிக்க உரையாடல்' என்று சொன்னதாக ஞாபகம்.) தாள் கை மாறிக் கை மாறிப் போயிற்று. ஒவ்வொருவரும் கண்ணாடியை மாட்டினார்கள், பார்த்தார்கள், தலையாட்டினார்கள். கடைசியாகத் தலைவர் மாமா கையில் வெகுநேரம் இருந்தது.

"எழுத்தெல்லாம் தூரத்திலிருந்து தெரியுமா?" என்றார்.

"பெருசா எழுதச் சொல்லலாம், மாமா."

"நல்லது. தமிழ் அழகாயிருக்கு. அப்படியே எழுதச் சொல்லு."

நான் வீட்டுக்கு நடக்கவில்லை, பறந்தேன். நம் ஆட்கள் எவ்வளவு பரந்த மனசுக்காரர்கள்! தன் வாயில் வந்த வசவைத் தானே கோயில் சுவரில் ஏற்ற ஒப்புக்கொள்ளும் ஒரு தலைவர்! வழியில் ஒரு கடையில் நின்று எனக்கு நானே ஒரு கிண்ணம் மொஹிங்கா (மீன் குழம்பு ஊற்றிய சேமியா) வாங்கிக் கொடுத்துக் கொண்டாடினேன். அக்கா, "என்ன எழுதியிருக்க, காட்டு" என்றாள். "குடமுழுக்கு அன்னிக்குப் பார்த்துக்க" என்றேன். வாழ்க்கையில் நான் காப்பாற்றிய ஒரே ரகசியம் அது. காப்பாற்றாமல் இருந்திருக்கலாம்.

கோ தான் லுவினுக்குத் தமிழ் ஒரு எழுத்து தெரியாது. நான் தாளில் எழுதியதை வடிவம் பார்த்து வரைந்தார். "உங்க எழுத்தும் எங்க எழுத்து மாதிரி வட்டம்தான், சயாமா. நடுநடுவுல குச்சி குச்சியா நிக்குது" என்று பர்மியத்தில் சொன்னார். (சயாமா என்றால் டீச்சரம்மா.) ஸ்டூல்மேல் நிற்கும் உருவத்துக்குத் தலைவர் மாமாவின் மீசையை ஒரு மயிர் பிசகாமல் போட்டிருந்தார். வாசகம் அவர் வாயிலிருந்து புகை மாதிரி சுருண்டு வந்தது. சும்மா சொல்லக் கூடாது, அற்புதமாக இருந்தது.

குடமுழுக்கு நாள். கோபுரத்தில் நீர் ஊற்றி ஆயிற்று. கீழே நின்றவர்கள் எல்லோரும் நனைந்து கும்பிட்டும் ஆயிற்று. அன்னதானத்துக்கு இலை போடுமுன் கொஞ்ச நேரம் இருந்தது. விழாவுக்காகத் தமிழ்நாட்டிலிருந்து ஓதுவார் ஒருவர் வந்திருந்தார். வெண்கல மணி மாதிரி குரல். "ஐயா, சுவர்ப் படங்களை ஜனங்களுக்குக் கொஞ்சம் விளக்கிச் சொன்னா நல்லாயிருக்கும்" என்று குழுவினர் கேட்டுக்கொண்டார்கள். பேட்டையைச் சேர்ந்த பர்மியப் பெரியவர்கள் முன்வரிசை நாற்காலிகளில் மரியாதையாக உட்கார்ந்திருந்தார்கள். பட்டு வேட்டி, கழுத்து நிறைய மாலையோடு தலைவர் மாமா ஓதுவார் பக்கத்தில் நின்றார். அவருக்குப் பின்னால் குமரன். பெண்கள் பக்கத்தில் அக்கா, பச்சைப் பட்டில்.

ஓதுவார் மைக்கைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படமாக வந்தார். அவர் எதை வாசித்தாலும் அதில் பண் வந்து ஒட்டிக்கொள்ளும். 'அடியார் திருக்கூட்டம்' என்பதை இழுத்துப் பாடினார். ஜனங்கள் கை கூப்பினார்கள். நான் இதோ இதோ என்று காலைத் தரையில் வைக்காமல் நின்றேன்.

"முத்து... பின்னால போயி... கட்டையைக் குடுத்து நெம்புடா..." அவர் குரல் கொஞ்சம் தயங்கியது. ஆனாலும் எழுதியிருப்பதை வாசித்துப் பழகியவர் பாதியில் நிறுத்த மாட்டார். "மாரி, கயித்த விடாத... இழுங்கடா... க்வே... க்வேம... க்வேமதாங்களா!"

அந்தக் கடைசிச் சொல்லில் ஒரு சங்கதி வைத்தார். பிறகு மைக்கோடு தலைவர் மாமா பக்கம் திரும்பி, "ஐயா, மற்றதெல்லாம் விளங்குது. இந்த க்வேமதாங்களா என்பது என்ன சொல்? வடமொழியா?" என்று கேட்டார்.

அந்த நொடியில் கோயிலில் மூன்று வகை ஜனங்கள் இருந்தார்கள். அந்த ஒரு சொல்லைத் தவிர எல்லாம் புரிந்த ஓதுவார். அந்த ஒரு சொல் மட்டும் புரிந்த பர்மியப் பெரியவர்கள். முழுசும் புரிந்த நாங்கள். முன்வரிசையில் ஒரு பெரியவர் குடித்துக்கொண்டிருந்த சர்பத் அவருடைய மூக்கு வழியாக வெளியே வந்தது. பெண்கள் பக்கத்தில் ஒரு சிரிப்பு கிளம்பி, முந்தானைக்குள் அமுங்கி, இன்னொரு இடத்தில் கிளம்பியது.

"யார் எழுதினது இது?" குழுவில் ஒருவர் கத்தினார். எல்லா முகமும் என் பக்கம் திரும்பியது. அக்காவின் முகமும்.

இந்த இடத்தில் நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் இது வெறும் சிரிப்புக் கதையாக முடிந்திருக்கும். எனக்கு வாயை மூடிப் பழக்கமில்லை.

"நானா என் இஷ்டத்துக்கு எழுதல!" என்றேன். "கூட்டத்துல எல்லாரும் பார்த்தீங்க. தலைவர் மாமாதான் கடைசியா படிச்சுப் பார்த்து, அழகா இருக்குன்னு சொன்னார்!"

சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது.

முன்னே இருந்த சங்கடமும் இந்தச் சங்கடமும் ஒன்றல்ல என்று எனக்கே தெரிந்தது, ஏன் என்றுதான் தெரியவில்லை. குழுவினர் ஒவ்வொருவரும் தரையைப் பார்த்தார்கள். கத்தியவரும் தரையைத்தான் பார்த்தார். தலைவர் மாமா சுவரில் சுருண்டு வரும் எழுத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு கழுத்து மாலையை மெதுவாகக் கழற்றிக் குமரன் கையில் கொடுத்துவிட்டு, வாசல் பக்கம் நடந்து போய்விட்டார். சாப்பிடக்கூட நிற்கவில்லை.

"சுண்ணாம்பு அடிச்சிடுவோம், இப்பவே" என்று யாரோ சொன்னார்கள்.

அப்போது பந்தியில் இலை போட்டுக்கொண்டிருந்த முத்து அண்ணன் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். "இரு, இரு. எம்பேரு எழுதியிருக்கா? எங்க? காட்டு."

காட்டினேன். ஈரக் கையால் தொடாமல், விரலைச் சுவருக்கு ஒட்டினாற்போல் வைத்து அந்த எழுத்தின் மேலேயே கொண்டு போனார்.

"இதுவா முத்து? இவ்ளோ சின்னதா இருக்கேடா எம்பேரு. மாரி! ஓடியா, நம்ம ரெண்டு பேரும் சுவத்துல இருக்கோம்!" பிறகு சுண்ணாம்பு என்று சொன்ன திசையைப் பார்த்துச் சொன்னார்: "கல்லுல பேரு வெட்டினவங்க எல்லாம் காசு குடுத்தவங்க. மரத்த இழுத்தவன் பேரு இது ஒண்ணுதான் இருக்கு. எம்பொண்டாட்டி பாக்காம எவனும் இதுல கை வெக்கக் கூடாது."

மாரி அதற்குள் படத்துக்கு முன்னால் நின்று ஃபோட்டோ எடுத்துக்கொண்டிருந்தார். வசவு வாங்கியவர்களே சந்தோஷப்படும்போது வைதவர் சார்பில் யார் சண்டை போடுவது? சுண்ணாம்பு தள்ளிப் போயிற்று.

வீட்டுக்கு வந்ததும் அம்மா தன் வழக்கமான வரிசையில் திட்டி முடித்தாள். அக்கா பட்டுப் புடவையை மாற்றாமல் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். சாயங்காலம் குமரன் வந்தார்.

"அப்பா கோவமா இருக்காரா?" என்றேன். "அவர் வாயில வந்த வார்த்தைதானே? நான் ஒண்ணும் புதுசா..."

"வார்த்தை இல்ல வள்ளி." குமரன் அக்காவைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "அப்பாவுக்குத் தமிழ் எழுத்து வராது. இங்க படிக்க வசதி இல்லாத காலத்துல வளர்ந்தவர். மேடையில பேசுறாரே, அதெல்லாம் தமிழ் படிச்ச ஒருத்தர் சொல்லச் சொல்ல, நான் பர்மிய எழுத்துல எழுதிக் குடுக்கிறது. அதை வெச்சுத்தான் படிப்பார். குழுவுல மத்தவங்களும் அப்படித்தான். யாரும் யார்கிட்டயும் சொல்லிக்கிட்டதில்ல."

தாள் கை மாறிக் கை மாறிப் போன காட்சி எனக்கு மறுபடியும் ஓடியது. ஒவ்வொரு கண்ணாடியும், ஒவ்வொரு தலையாட்டலும். பரந்த மனசு என்று நான் மொஹிங்கா சாப்பிட்டுக் கொண்டாடியது அதைத்தான்.

"உனக்குத் தெரியுமா?" என்று அக்காவைக் கேட்டேன்.

"பேட்டைக்கே தெரியும்" என்றாள். அன்று முழுக்க அவள் என்னிடம் பேசிய முதல் பேச்சு அது. "ரோமாபுரியில என்ன எழுதியிருக்குன்னு உனக்குத் தெரியுது. நம்ம தெருவுல யாருக்கு என்ன தெரியாதுன்னு தெரியல."

மறுநாள் காலையில் நானே மண்டிக்குப் போனேன். உளுந்து மூட்டைகள் இறங்கிக்கொண்டிருந்தன. தலைவர் மாமா அதே மர ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்தும் பார்க்காத மாதிரி மூட்டைக்காரர்களைப் பார்த்தார். ஆனால் யாரையும் வையவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. மூட்டைக்காரர்களும் அதற்குப் பயந்து பூனை மாதிரி நடந்தார்கள்.

"மாமா, மன்னிச்சிடுங்க."

பக்கத்து மூட்டையிலிருந்து நாலு உளுந்தை எடுத்து உள்ளங்கையில் உருட்டிப் பார்த்தார். பிறகு, "என்ன எழுதியிருக்க, சொல்லு" என்றார். "முழுசாச் சொல்லு. அந்த ஐயா பாட்டாப் பாடினதுல எனக்குப் பாதி விளங்கல."

சொன்னேன். க்வேமதாங்களா வந்தபோது குரல் தானாக இறங்கிற்று. மூட்டையோடு போய்க்கொண்டிருந்த முத்து அண்ணன் நின்றுவிட்டார்.

"இதுக்கு முன்னாடி இன்னொண்ணு சொன்னேனே, அது எங்க?" என்றார் தலைவர் மாமா.

"அது... கோயில் சுவரு, மாமா."

"ஓகோ. இதெல்லாம் பார்த்துப் பார்த்துத்தான் எழுதினியாக்கும்."

முத்து அண்ணன் மூட்டையோடு குலுங்கினார். தலைவர் மாமா சிரிக்கவில்லை. மீசையின் ஒரு நுனி மட்டும் அசைந்த மாதிரி இருந்தது. அது என் ஆசையாகவும் இருக்கலாம்.

"சுண்ணாம்பு வேணாம்னு சொல்லிட்டேன். இந்த முத்து நேத்தே குடும்பத்தையே கூட்டிட்டு வந்து காட்டிட்டான். அந்த ஒரு வார்த்தைமேல மட்டும் தாமரைப் பூ போடச் சொல்லியிருக்கேன்." பிறகு கேட்டார்: "படத்துல நான் இருக்கேன், இவன் இருக்கான், மாரி இருக்கான். உன் அக்காகூட நுனியில நிக்குது. நீ எங்க?"

"நான் இல்ல, மாமா."

"அன்னிக்கு அங்கதானே இருந்த?"

"இருந்தேன்."

"சரி, போ."

போகவில்லை. கேட்க வந்ததைக் கேட்டேன். "அக்கா கல்யாணம்..."

"அது என் மகனுக்கும் உன் அக்காவுக்கும். அதுக்கும் நீ வாசகம் எழுதப் போறியா?" என்றவர், முத்து அண்ணன் பக்கம் திரும்பிக் கூரை அதிரக் கத்தினார்: "என்னடா வாயப் பாத்துக்கிட்டு நிக்கிற, க்வேமதா! மூட்டைய இறக்குடா!"

மண்டியே மூச்சு விட்டது. நான் வீட்டுக்கு ஓடிப்போய் அக்காவிடம் சொன்னேன்: "மாமா வைய ஆரம்பிச்சிட்டார்." அவள் அன்றைக்குத்தான் அழுதாள்.

கல்யாணம் அதே கோயிலில் நடந்தது. தாலி கட்டி முடிந்ததும் பெண் மாப்பிள்ளையோடு நாங்கள் எல்லோரும் பிராகாரம் சுற்றி வந்தோம். கொடிமரப் படத்துக்கு முன்னால் தலைவர் மாமா வேண்டுமென்றே நின்றார். கூடவே மொத்த ஊர்வலமும் நின்றது. வசவு இருந்த இடத்தில் குண்டாக ஒரு தாமரை. (இவ்வளவு பெரிய பூவுக்கு அடியில் என்ன இருக்கும் என்று எல்லோரும் கேட்கிறார்கள். அதனால் அந்தச் சொல் முன்னைவிட இப்போதுதான் அதிகம் படிக்கப்படுகிறது.) படத்தின் ஓரத்தில், கயிற்றுக்கு எட்டாத தூரத்தில், ஒரு புது உருவம். கண்ணாடி போட்ட ஒரு பெண். கையை உயர்த்தி ஃபோனைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள். அவளுக்குப் பக்கத்தில் பர்மிய எழுத்தில் ஒரு வரி.

கோ தான் லுவின் வேட்டி கட்டி விருந்தாளியாக நின்றிருந்தார். "சயாமா, போன தடவை எழுதினதை எனக்கு வாசிக்கவும் தெரியல, அர்த்தமும் தெரியல. இந்தத் தடவை நல்லா வாசிக்க வருது. அர்த்தம்தான் தெரியல" என்றார்.

நான் வாசித்தேன். பர்மிய எழுத்துகளைக் கூட்டிக் கூட்டிச் சொல்லும்போது அவற்றுக்குள்ளிருந்து எங்கள் பேட்டைத் தமிழ் வந்தது.

'இந்தப் புள்ள கயித்தத் தொடவே இல்ல.'

தலைவர் மாமா சொல்லச் சொல்லக் குமரன் எழுதிக் கொடுத்திருக்கிறார். தமிழ்நாட்டு ஓதுவார் வந்தாலும் அதை வாசிக்க முடியாது. முன்வரிசை பர்மியர்கள் சத்தமாக வாசிப்பார்கள், ஆனால் ஒன்றும் புரியாது. உலகத்திலேயே எங்களுக்கு மட்டும்தான் அதை வாசிக்கவும் முடியும், சிரிக்கவும் முடியும். நான் ரோம் வரை போய்த் தேடியதை, தமிழ் எழுத்துத் தெரியாத மனிதர் பருப்பு மண்டியில் உட்கார்ந்தபடியே செய்துவிட்டார். ஒரு மொழி தனக்குக் கிடைத்த எழுத்தில், தன் வாய்ப்பேச்சில், சுவரேறிவிட்டது. அதன் முதல் வரி என்னைப் பற்றி. சொல்வதும் உண்மை. குறை சொல்ல இடமே இல்லை.

அன்றிலிருந்து எங்கள் இரண்டு வீட்டிலும் நான் எந்த வேலைக்கும் லாயக்கில்லை. அரிசி மூட்டை வந்தாலும், பீரோவை நகர்த்தினாலும், நான் கையை நீட்டுமுன் அதற்குப் பின் பிறந்த அக்கா பையன்கூட மழலையில் அந்த வரியைச் சொல்லிவிடுவான். அவன் பேசிய முதல் முழுத் தமிழ் வாக்கியம் அதுதான் என்று அம்மா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

இதை ஒரு கை பார்த்துவிடுவது என்று போன திருவிழாவில் தேர் வடத்தை எல்லோருக்கும் முன்னால் ஓடிப்போய்ப் பிடித்தேன். முத்து அண்ணன் வந்து, என் விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டார்.

"வேணாம் தங்கச்சி. அப்புறம் சுவத்த மாத்தி எழுதணும்."